ஆவணத் தரவும் அறிக்கைக் கருவிகளும்: ஓ.டி.பி.சி. வழி இணைப்பு

ஆவணத் தரவு இணைப்பு என்பது, ஒரு தொழிலகத்திலோ அலுவலகத்திலோ பல ஆண்டுகளாகச் சேர்த்து வைக்கப்பட்ட அளவீட்டுப் பதிவுகளை எக்செல், பவர் பி.ஐ., டேப்லோ, கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் போன்ற அறிக்கைக் கருவிகள் நேரடியாகப் படிக்கும்படி, பொதுத் தர இயக்கி ஒன்றின் வழியாக இணைப்பதாகும். இதற்குப் பெரிதும் பயன்படுபவை ஓ.டி.பி.சி., ஜே.டி.பி.சி. என்னும் இரண்டு இடைமுகங்கள். சேமிப்பகத்தை உருவாக்கிய நிறுவனம் ஒன்றாகவும் அறிக்கைக் கருவியை உருவாக்கிய நிறுவனம் வேறொன்றாகவும் இருந்தாலும், இரண்டுக்கும் இடையில் எஸ்.க்யூ.எல். என்ற பொது மொழியில் பேச்சு நடக்க இவை வழிசெய்கின்றன.

அனல் மின்நிலையம், சுரங்கம், சர்க்கரை ஆலை, நிலத்தடி நீர் அலுவலகம் ஆகிய எல்லா இடங்களிலும் இத்தேவை எழுகிறது. கடலூர் மாவட்டத்தின் நெய்வேலி வட்டாரத்தில் இவை அனைத்தும் அருகருகே உள்ளன. எனவே இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அவ்வட்டாரத்தின் தொழில்களை ஒட்டியே அமைகின்றன. எண்கணக்குகள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை. குறிப்பிட்ட எந்த நிலையத்தின் பதிவும் அல்ல.

தோற்றம்

1980களின் இறுதிவரை ஒவ்வொரு தரவுத்தள நிறுவனமும் தனக்கென ஒரு நிரலிடைமுகத்தை வைத்திருந்தது. ஆரக்கிளுக்கு எழுதிய நிரல் சைபேசுக்குப் பயன்படாது. இந்நிலையை மாற்ற 1989இல் பல நிறுவனங்கள் கூடி எஸ்.க்யூ.எல். அக்சஸ் குரூப் என்ற குழுவை அமைத்தன. அக்குழு வகுத்த அழைப்பு இடைமுகத்தை அடிப்படையாகக் கொண்டு மைக்ரோசாப்ட் நிறுவனம் 1992இல் ஓ.டி.பி.சி.யின் முதல் பதிப்பை வெளியிட்டது. 1995இல் அதே அடிப்படை ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஏற்கப்பட்டது. ஜாவா மொழிக்கான ஜே.டி.பி.சி.யை சன் நிறுவனம் 1997இல் ஜே.டி.கே. 1.1 பதிப்புடன் வெளியிட்டது. லினக்சு, யுனிக்சு கணினிகளில் யுனிக்ஸ் ஓ.டி.பி.சி., ஐ ஓ.டி.பி.சி. ஆகியவை இதே பணியைச் செய்கின்றன.

முப்பது ஆண்டுகளைக் கடந்தும் ஓ.டி.பி.சி. நிலைத்திருப்பதற்கு அதன் எளிமையே காரணம். அதற்குப் பின் வந்த சில இணைப்பு முறைகள் வழக்கொழிந்துவிட்டன. ஜாவாவிலிருந்து ஓ.டி.பி.சி.க்குச் செல்லும் பாலமாக இருந்த இயக்கிகூட 2014இல் ஜாவா 8 பதிப்புடன் நீக்கப்பட்டது.

இணைப்பின் உறுப்புகள்

ஓ.டி.பி.சி. இணைப்பில் நான்கு உறுப்புகள் உள்ளன. அறிக்கைக் கருவி கேள்வி கேட்கிறது. இயக்கி மேலாளர் என்ற மென்பொருள் அக்கேள்வியை உரிய இயக்கிக்கு அனுப்புகிறது. இயக்கி, பொது மொழியில் வந்த கேள்வியைச் சேமிப்பகத்தின் சொந்த மொழிக்கு மாற்றுகிறது. கடைசியில் இருப்பது தரவு மூலம். எந்த இயக்கி, எந்தக் கணினி, எந்தப் பயனர் என்ற விவரங்களைத் தொகுத்து ஒரு பெயரின் கீழ் வைப்பது டி.எஸ்.என். எனப்படும் தரவு மூலப் பெயராகும்.

டி.எஸ்.என்.னில் பயனருக்கு மட்டும் உரியது, கணினி முழுமைக்கும் உரியது என இருவகை உண்டு. ஒருவர் தம் கணக்கில் நுழைந்து பயனர் வகையில் இணைப்பை அமைத்தால் அவருக்கு அறிக்கை சரியாக வரும். அதே அறிக்கையைத் தினமும் காலை தானாக ஓடும்படி அமைத்தால், அதை இயக்குவது வேறொரு சேவைக் கணக்கு என்பதால், தரவு மூலம் கிடைக்கவில்லை என்ற பிழை வரும். தானியங்கு அறிக்கைகளுக்குக் கணினி வகையையே பயன்படுத்த வேண்டும்.

இன்னொரு தொல்லை 32 பிட்டு, 64 பிட்டு வேறுபாடு. 32 பிட்டு எக்செல் 32 பிட்டு இயக்கியை மட்டுமே ஏற்கும்; 64 பிட்டு எக்செல் 64 பிட்டு இயக்கியை மட்டுமே ஏற்கும். 64 பிட்டு விண்டோசில் இரண்டு வகைக்கும் தனித்தனி நிர்வாகப் பலகைகள் உள்ளன. இரண்டு நிரல்களின் கோப்புப் பெயரும் ஒன்றே. போதாக்குறைக்கு, 64 பிட்டு நிரல் இருக்கும் கோப்புறையின் பெயரில் 32 என்ற எண்ணும், 32 பிட்டு நிரல் இருக்கும் கோப்புறையின் பெயரில் 64 என்ற எண்ணும் இருக்கின்றன. பழைய நிரல்கள் உடைந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆனால் இயக்கியை நிறுவிய பின்னும் பட்டியலில் அது தென்படவில்லை என்னும் புகார்களில் கணிசமானவை இதிலிருந்தே பிறக்கின்றன.

ஆவணச் சேமிப்பகம் எவ்வாறு வேறுபடுகிறது

விற்பனைப் பட்டியல், சம்பளப் பட்டியல் போன்றவை வழக்கமான தரவுத்தளத்தில் வரிசை வரிசையாக இருக்கும். எத்தனை நிகழ்வு நடந்ததோ அத்தனை வரிசை. கொதிகலனின் நீராவி அழுத்தம் அப்படிப்பட்டதன்று. அது ஒவ்வொரு நொடியும் இருந்துகொண்டே இருப்பது. நொடிக்கு ஒன்று என்று எழுதினால் ஒரே ஓர் அளவீட்டுக்கு நாளொன்றுக்கு 86,400 வரிசைகள். ஒரு நிலையத்தில் 10,000 அளவீடுகள் இருந்தால் நாளொன்றுக்கு 86 கோடியே 40 இலட்சம் வரிசைகள் சேரும்.

இந்தச் சுமையைத் தாங்கவே ஹிஸ்டோரியன் எனப்படும் தொடர் அளவீட்டு ஆவணகங்கள் உருவாயின. அவற்றுள் பரவலாக அறியப்பட்ட பி.ஐ. சிஸ்டம், பேட்ரிக் கென்னடி 1980இல் கலிபோர்னியாவில் தொடங்கிய நிறுவனத்தின் படைப்பு. ஓ.எஸ்.ஐ.சாப்ட் என்று பெயர் பெற்ற அந்நிறுவனத்தை 2021இல் அவீவா நிறுவனம் வாங்கியது. இத்தகைய ஆவணகங்கள் எல்லா அளவீடுகளையும் எழுதி வைப்பதில்லை. முந்தைய போக்கிலிருந்து அளவீடு குறிப்பிட்ட வரம்புக்கு மேல் விலகும்போது மட்டுமே புதிய புள்ளி எழுதப்படுகிறது. இடைப்பட்ட அளவீடுகளை, எழுதப்பட்ட இரு புள்ளிகளுக்கு இடையே ஒரு கோடு வரைந்து மீட்டுக்கொள்ளலாம். ஊசல் கதவு முறை எனப்படும் இச்சுருக்க முறைக்கு பாக்ஸ்போரோ நிறுவனத்தின் எட்கர் பிரிஸ்டல் 1987இல் காப்புரிமை பெற்றார்.

எனவே ஆவணகத்தில் ஒரு வரிசை என்பது ஒரு நிமிடத்தையோ ஒரு நொடியையோ குறிப்பதில்லை. அளவீடு அமைதியாக இருந்த ஒரு மணி நேரத்திற்கு இரண்டே வரிசைகள் இருக்கலாம். கலங்கிய ஒரு நிமிடத்திற்கு ஐம்பது இருக்கலாம். வழக்கமான தரவுத்தளத்திற்குப் பழகியவர் இதை அறியாமல் எஸ்.க்யூ.எல். எழுதினால், பிழைச் செய்தி எதுவும் வராது. தவறான விடை மட்டும் வரும்.

ஒரே தரவு, மூன்று சராசரி

தென்மண்டல மின்கட்டமைப்பில் 2003 ஜனவரி 1 முதல் கிடைப்புநிலைக் கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒரு நாள் 96 கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டமும் 15 நிமிடம். மின்நிலையங்கள் ஒவ்வொரு கட்டத்திற்கும் எவ்வளவு மின்சாரம் தர வேண்டும் என்ற அட்டவணை வகுக்கப்படுகிறது. அட்டவணையிலிருந்து விலகினால் அதற்கேற்பக் கட்டணம் கூடும் அல்லது குறையும். கணக்குத் தீர்ப்பது இதற்கென்று பொருத்தப்பட்ட மின்னளவிகளின் பதிவைக் கொண்டுதான். எனினும் எந்தக் கட்டத்தில் எதனால் விலகல் நேர்ந்தது என்று ஆராய நிலையத்தார் நாடுவது தம் ஆவணகத்தையே.

நெய்வேலி இரண்டாம் அனல் மின்நிலையத்தில் இருப்பதுபோன்ற 210 மெகாவாட் அலகு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். காலை 10:00 முதல் 10:15 வரையான கட்டத்தில் ஆவணகத்தில் நான்கு புள்ளிகள் மட்டும் உள்ளன: 10:00 மணிக்கு 200 மெகாவாட், 10:12க்கு 170, 10:13க்கு 172, 10:14க்கு 168.

அறிக்கைக் கருவியில் சராசரி என்ற பொத்தானை அழுத்தினால் அது நான்கு எண்களையும் கூட்டி நான்கால் வகுக்கும். விடை 177.5 மெகாவாட். அளவீடு அடுத்த புள்ளி வரும்வரை மாறாமல் இருந்தது என்று கொண்டால், 200 மெகாவாட் 12 நிமிடம் நீடித்திருக்கிறது. மற்ற மூன்றும் ஒவ்வொரு நிமிடம். அப்போது சராசரி 194 மெகாவாட். புள்ளிகளுக்கு இடையே நேர்கோடு வரைந்து கணக்கிட்டால், 12 நிமிடமும் சுமை சிறிது சிறிதாக இறங்கியதாகிறது. சராசரி ஏறக்குறைய 181.9 மெகாவாட்.

177.5க்கும் 194க்கும் உள்ள வேறுபாடு ஒரே கட்டத்தில் 4,125 யூனிட் மின்சாரம். இவற்றுள் எது சரி என்பது அளவீடு எழுதப்பட்ட முறையைப் பொறுத்தது. வால்வு திறந்ததா மூடியதா என்பதுபோலப் படிப்படியாக மாறும் அளவீடுகளுக்கு முந்தைய மதிப்பு நீடிப்பதாகக் கொள்ளும் கணக்கே பொருந்தும். ஊசல் கதவு முறையில் சுருக்கப்பட்ட தொடர் அளவீட்டுக்கு நேர்கோட்டுக் கணக்கு பொருந்தும். ஏனெனில் சுமை உண்மையிலேயே 10:12க்குச் சற்று முன்வரை 200இல் நின்றிருந்தால், இறங்கும் முன்னர் இருந்த அந்த 200ஐயும் ஆவணகம் ஒரு புள்ளியாக எழுதியிருக்கும். முதல் விடையான 177.5 மட்டும் எந்த வகைக்கும் பொருந்தாதது. ஆனால் கருவி கேட்காமலே தருவது அதைத்தான்.

இதனால் நல்ல ஆவணக இயக்கிகள் ஒரே தரவைப் பல அட்டவணைகளாகக் காட்டுகின்றன. பி.ஐ. இயக்கியில் எழுதப்பட்ட புள்ளிகளை அப்படியே தரும் அட்டவணை ஒன்று, குறிப்பிட்ட இடைவெளியில் இடைக்கணிப்பு செய்து தரும் அட்டவணை இன்னொன்று, நேர எடையிட்ட சராசரியைத் தருவது வேறொன்று. உண்மையில் வட்டில் இப்படி அட்டவணைகள் எவையும் இல்லை. கேள்வி வரும்போது இயக்கியும் ஆவணகமும் சேர்ந்து அவற்றை உருவாக்குகின்றன. வொண்டர்வேர் ஹிஸ்டோரியன் வேறு வழியில் செல்கிறது: அட்டவணை ஒன்றே, எம்முறையில் மீட்க வேண்டும், எவ்வளவு இடைவெளியில் வேண்டும் என்பதை வினவலின் நிபந்தனைப் பகுதியில் சொல்ல வேண்டும். அறிக்கை எழுதுபவர் முதலில் படிக்க வேண்டியது இயக்கியின் கையேட்டில் உள்ள இந்த அட்டவணைப் பட்டியலைத்தான்.

அளவீடு இல்லாத நேரம்

ஆவணகத்தின் மதிப்புப் பத்தியில் எண் மட்டுமே இருக்கும் என்று எண்ணக் கூடாது. கருவி பழுது, தொடர்பு அறுந்தது, அளவுத்திருத்தம் நடக்கிறது போன்ற நிலைகளும் அதே இடத்தில் பதிவாகின்றன. எண்ணை எதிர்பார்க்கும் அறிக்கைக் கருவிக்கு இயக்கி இவற்றை எப்படித் தருகிறது என்பது முக்கியமானது. சில இயக்கிகள் வெற்று மதிப்பாகத் தருகின்றன. சில அமைப்புகளில் சுழியமாக மாறிவிடுகிறது.

வெற்றுக்கும் சுழியத்துக்கும் உள்ள வேறுபாடு மூச்சுவிடும் காற்றைப் பற்றியது. 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல் மின்நிலையங்களுக்கான புதிய உமிழ்வு வரம்புகளை அறிவித்தது. புகைபோக்கியிலிருந்து வெளியேறும் துகள்மத்திற்கு 2003 வரை நிறுவப்பட்ட அலகுகளில் கன மீட்டருக்கு 100 மில்லிகிராம், 2004 முதல் 2016 வரை நிறுவப்பட்டவற்றில் 50, அதற்குப் பிந்தையவற்றில் 30 என அது வரம்பிட்டது. வரம்பு 50 உள்ள ஓர் அலகில், 20 மணி நேரம் சராசரியாக 54 மில்லிகிராம் பதிவாகி, மீதி 4 மணி நேரம் அளவி வேலை செய்யவில்லை என்று கொள்வோம். வேலை செய்யாத நேரத்தை வெற்றாகக் கொண்டால் அன்றைய சராசரி 54, வரம்பு மீறப்பட்டிருக்கிறது. அதே நேரத்தைச் சுழியமாகக் கொண்டால் சராசரி 45. எல்லாம் ஒழுங்காக இருப்பதாக அறிக்கை சொல்லும். யாரும் பொய் எழுதவில்லை; இயக்கியின் அமைப்பில் ஒரு தெரிவு மட்டும் மாறியிருக்கிறது.

இதைத் தவிர்க்க, சராசரியுடன் எத்தனை விழுக்காடு நேரத்திற்கு நல்ல அளவீடு இருந்தது என்ற பத்தியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பி.ஐ. இயக்கியின் சராசரி அட்டவணை இதைத் தனிப் பத்தியாகவே தருகிறது. மேற்சொன்ன நாளில் அது 83 விழுக்காடு என்று காட்டும். அப்பத்தியை அறிக்கையில் மறைத்து வைப்பது அழகுக்காகச் செய்யப்படும் தவறு.

நேரமுத்திரை

பெரும்பாலான ஆவணகங்கள் நேரத்தை ஒருங்கிணைந்த பன்னாட்டு நேரத்தில் சேமிக்கின்றன. இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே செல்கிறது. இயக்கி இந்திய நேரத்திற்கு மாற்றித் தருகிறதா, மாற்றாமல் தருகிறதா என்று சோதிக்காமல் நாளறிக்கை எழுதினால், அந்த அறிக்கையின் நாள் அதிகாலை 5:30க்குத் தொடங்கும். 15 நிமிடக் கட்டங்களில் சொன்னால் 22 கட்டங்கள் முந்தைய நாளின் கணக்கில் போய்ச் சேரும்.

நாள் மாறினால் யாரேனும் கவனித்துவிடுவார்கள். அரை மணி நேரம்தான் கண்ணில் படாத சிக்கல். இடம் மிச்சப்படுத்துவதற்காகப் பழைய தரவை மணிக்கொரு சராசரியாகச் சுருக்கி, மூலப் புள்ளிகளை அழித்துவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அச்சுருக்கம் பன்னாட்டு நேரத்தின் மணி எல்லைகளில் செய்யப்பட்டிருந்தால், ஒவ்வொரு சராசரியும் இந்திய நேரத்தில் 5:30 முதல் 6:30 வரை, 6:30 முதல் 7:30 வரை என்று அமையும். அதிலிருந்து காலை 6 மணி முதல் 7 மணி வரையான சராசரியை எந்த இயக்கியாலும் மீட்க முடியாது. காலை 6 மணிக்கு மாறும் பணிமுறைக்கு அறிக்கை கேட்டால் அது என்றென்றைக்கும் தோராயமாகவே இருக்கும். 15 அல்லது 30 நிமிடச் சராசரியாகச் சுருக்கியிருந்தால் இத்தொல்லை இல்லை. மணிக்கணக்கான வேறுபாடுள்ள நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகள் இதை எச்சரிப்பதில்லை.

நாள் எழுதும் முறையிலும் கவனம் தேவை. 03/04/2020 என்பது இந்தியாவில் ஏப்ரல் 3. அமெரிக்க அமைப்புள்ள கணினியில் மார்ச் 4. ஓ.டி.பி.சி. தரத்தில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதும் பொதுவடிவம் ஒன்று உண்டு. அதைப் பயன்படுத்தினால் கணினியின் அமைப்பு எதுவாயினும் பொருள் மாறாது. நேர வரம்பைக் குறிப்பிடும்போது தொடக்கத்தைச் சேர்த்தும் முடிவைச் சேர்க்காமலும் எழுதுவது நல்லது. இரு முனைகளையும் சேர்த்தால் நள்ளிரவு 12 மணிப் புள்ளி இரு நாள் கணக்கிலும் வரும்.

தமிழ்ப் பெயர்கள் சிதைவது

எண்கள் ஒருவழியாக வந்து சேர்ந்தாலும் ஊர்ப்பெயர்கள் வந்து சேராத நிலை தமிழ்த் தரவுகளில் அடிக்கடி நேர்கிறது. நெய்வேலிப் படுகையில் பழுப்பு நிலக்கரிக்குக் கீழே ஆர்ட்டீசியன் நீரடுக்கு உள்ளது. அதன் மேல்நோக்கிய அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம். சுரங்கத்தின் அடித்தளம் வெடித்து நீர் புகாமலிருக்க அந்நீரை இடைவிடாது இறைத்தாக வேண்டும். ஆகவே சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீர்மட்டப் பதிவு உழவர்களுக்கும் சுரங்கத்தாருக்கும் ஒருங்கே தேவைப்படுவது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை கண்காணிப்புக் கிணறுகளை அளக்கிறது. மாநில அரசின் நீர் ஆதார விவர மையமும் தனியே அளக்கிறது. உலக வங்கி உதவியுடன் 1995இல் தொடங்கிய நீரியல் திட்டத்தில் தமிழ்நாடும் இடம்பெற்றது. தாள்களில் இருந்த நீர்ப்பதிவுகள் கணினிக்கு ஏறத் தொடங்கியது அக்காலத்தில்தான்.

இத்தகைய பட்டியலில் பண்ருட்டி வட்டத்து மேல்பட்டாம்பாக்கம் என்ற ஊர்ப்பெயர் வருவதாகக் கொள்வோம். தமிழில் அது 10 எழுத்து. ஒருங்குறியில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் 18 குறியிடங்கள் ஆகின்றன. யு.டி.எப்.-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு; மொத்தம் 54 பைட்டு. ஊர்ப்பெயருக்கு 50 போதும் என்று எண்ணி ஒருவர் பைட்டுக் கணக்கில் பத்தியை அமைத்திருந்தால், மேல்பட்டாம்பாக்க என்பதோடு பெயர் நின்று, கடைசியில் ஓர் உடைந்த குறி தோன்றும். அறிக்கைக் கருவியில் அப்பெயரை இன்னொரு பட்டியலோடு இணைத்தால் பொருந்தாது. அவ்வூரின் கிணறு அறிக்கையிலிருந்தே மறைந்துபோகும். ஆங்கிலத்தில் எழுதினாலும் இடைவெளி விட்டும் விடாமலும், ப என்பதற்கு இரு வகை எழுத்திட்டும் நான்கைந்து வடிவங்கள் வழங்குகின்றன. ஊர்ப்பெயரை வைத்து இணைக்காமல் கிணற்றின் குறியீட்டு எண்ணை வைத்து இணைப்பதே பாதுகாப்பானது.

ஒருங்குறிக்கு முற்பட்ட தரவு இன்னும் கடினம். 1999இல் தமிழ்நாடு அரசு டேம், டேப் ஆகிய குறியாக்கங்களைத் தரமாக அறிவித்தது. 2010இல் ஒருங்குறிக்கு மாறியது. இடைப்பட்ட ஆண்டுகளில் டேப் எழுத்துருவில் தட்டச்சிடப்பட்ட பெயர்கள், கணினியின் கண்ணுக்கு மேலை ஐரோப்பிய எழுத்துகளே. இயக்கி அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும்போது கண்மூடித்தனமாக ஐரோப்பிய எழுத்துகளாகவே மாற்றும். எழுத்துருவை மாற்றிப் பார்ப்பதால் தற்காலிகமாகப் படிக்க முடியலாம். தேடவோ அகரவரிசைப்படுத்தவோ முடியாது. மாற்றி நிரல் கொண்டு ஒரு முறை முழுமையாக ஒருங்குறிக்கு மாற்றி, மூலத்தை அப்படியே தனியே வைத்திருப்பதுதான் வழி.

வேகமும் பாதுகாப்பும்

அறிக்கைக் கருவிகள் இணைந்தவுடன் முன்னோட்டம் காட்டுவதற்காக அட்டவணை முழுவதையும் கேட்கும் இயல்புடையவை. ஓர் ஆண்டின் நொடித் தரவு ஓர் அளவீட்டுக்கே 3 கோடி வரிசைகளைத் தாண்டும். அளவீட்டுப் பெயரும் நேர வரம்பும் இல்லாத கேள்வியை மறுக்கும்படி சில இயக்கிகளில் அமைக்கலாம், அமைப்பது நல்லது. கூட்டல், சராசரி போன்ற கணக்குகளை இயக்கி ஆவணகத்திலேயே செய்து முடிக்கிறதா, எல்லா வரிசைகளையும் வரவழைத்துக் கணக்கிடுகிறதா என்பதும் இயக்கிக்கு இயக்கி வேறுபடும்.

அறிக்கைக்கு உரிய கணக்கிற்குப் படிக்கும் உரிமை மட்டும் தரப்பட வேண்டும். மேலும், ஆலையின் கட்டுப்பாட்டு வலையமைப்பில் உள்ள ஆவணகத்தை அலுவலகக் கணினிகள் நேரடியாகத் தொடக் கூடாது. இரண்டுக்கும் இடையே ஒரு நகல் ஆவணகம் வைத்து, இயக்கிகள் அதனுடன் மட்டுமே இணைய வேண்டும். தரவு ஆலையிலிருந்து நகலுக்குச் செல்லலாம். எதிர்த்திசையில் எதுவும் வரலாகாது. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில் இருந்த ஒரு கணினியில் தீம்பொருள் இருந்ததை இந்திய அணுமின் கழகம் அவ்வாண்டு அக்டோபர் 30 அன்று உறுதிப்படுத்தியது. அந்த வலையமைப்பு, நிலையத்தை இயக்கும் உள்வலையமைப்பிலிருந்து பிரிக்கப்பட்டது என்றும் அது தெரிவித்தது. அலுவலகக் கணினி ஒன்றில் எளிய கடவுச்சொல்லுடன் அமைக்கப்படும் டி.எஸ்.என். அத்தகைய பிரிவினையில் துளையிடுவதற்கு ஒப்பாகும். மத்திய மின்சார ஆணையம் 2021 அக்டோபரில் மின்துறைக்கான இணையப் பாதுகாப்பு வழிகாட்டுதல்களை வெளியிட்டது.

மூடப்பட்ட நிலையங்களின் தரவு

சோவியத் ஒன்றியத்தின் ஒத்துழைப்புடன் கட்டப்பட்டு 1962இல் மின்னுற்பத்தியைத் தொடங்கிய நெய்வேலி முதல் அனல் மின்நிலையம், 600 மெகாவாட் திறனுடன் அரைநூற்றாண்டுக்கு மேல் இயங்கி 2020 செப்டம்பரில் மூடப்பட்டது. அதற்கு மாற்றாக 1,000 மெகாவாட் புதிய நிலையம் எழுந்தது. 1962இல் ஒரு மின்நிலையத்தின் ஆவணம் என்பது வட்டத்தாளில் மைமுனை வரைந்த கோடும், பணிமுறைக்கு ஒருமுறை கையால் நிரப்பிய பதிவேடும்தான். 1990களில் தமிழ்நாட்டு அலுவலகங்களில் டிபேஸ், பாக்ஸ்புரோ கோப்புகள் பரவின. ஹிஸ்டோரியன் எல்லாவற்றுக்கும் பின்னர் வந்தது. நீண்ட காலம் இயங்கிய எந்த ஆலையிலும் இம்மூன்று அடுக்குகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்.

ஆலை மூடிய பிறகும் அதன் தரவுக்குத் தேவை தீர்வதில்லை. சாம்பல் குளத்தின் அருகில் நீரின் தன்மை மாறினால், அல்லது ஓய்வுபெற்ற தொழிலாளி தம் நோய்க்கு இழப்பீடு கோரினால், பழைய பதிவே சான்று. ஆனால் மென்பொருள் உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க அப்போது யாரும் இருக்க மாட்டார்கள். உரிமம் தீர்ந்தால் தரவு வட்டில் இருக்கும். படிக்க இயக்கி இருக்காது. பாக்ஸ்புரோவே இதற்குச் சான்று. விசுவல் பாக்ஸ்புரோவுக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2015 ஜனவரியில் நிறுத்தியது. அதன் ஓ.டி.பி.சி. இயக்கி 32 பிட்டு வடிவில் மட்டுமே உண்டு. அக்கோப்புகளை இன்று 64 பிட்டு அறிக்கைக் கருவியில் திறக்க, 32 பிட்டு நிரல் ஒன்றால் படித்து வேறு வடிவில் எழுதும் இடைப்படி தேவைப்படுகிறது.

ஆகவே ஆவணகத்தை நிறுத்துவதற்கு முன், இயக்கி வேலை செய்யும்போதே, அதன் வழியாக எழுதப்பட்ட புள்ளிகளை அப்படியே வெளியே எடுத்து வைக்க வேண்டும். காற்புள்ளியிட்ட உரைக்கோப்பு அல்லது எஸ்.க்யூ.லைட் கோப்பு இதற்குப் போதும், இரண்டையும் ஓ.டி.பி.சி. வழியாகவே மீண்டும் படிக்கலாம். சராசரிகளை மட்டும் எடுத்து வைத்தால் போதாது. அளவீட்டின் பெயர், அலகு, படிவகையா தொடர்வகையா என்ற குறிப்பு, சுருக்க வரம்பு, பழுது நிலைகளின் பட்டியல், நேர மண்டலம் ஆகியவை தனி அட்டவணையாக உடன் செல்ல வேண்டும். அவை இல்லாத கோப்பில் 200, 170, 172, 168 என்ற எண்கள் இருக்கும். அவற்றின் சராசரி 177.5ஆ, 181.9ஆ, 194ஆ என்று சொல்ல ஆளிருக்காது.